கணக்குக் கேட்ட பெருமகன் டாக்டர் மொசாடெக்

நிலத்தின் அடியில் எண்ணெய் கிடைத்துவிட்டால் ஒரு நாட்டின் வறுமை தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் எண்ணெய் பொங்கிய நாடுகளின் சரித்திரத்தைப் படிப்போர்க்கு வேறோர் உண்மை புலப்படும். அந்தச் செல்வத்தின் கணக்கேடு எவர் கையில் இருந்ததோ, அவர் கையிலேயே அந்நாட்டு அரசும் மக்களின் வாழ்வும் இருந்தன. இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்து, அதற்காகவே பதவியையும் சுதந்திரத்தையும் இழந்த ஒரு பெருமகனின் வரலாற்றை நம் சங்கத்து ஆண்டு மலரில் எழுத விழைகிறோம். அவர்தாம் ஈரான் நாட்டுப் பிரதமராக விளங்கிய டாக்டர் முகம்மது மொசாடெக்.

அவர் 1882-ஆம் ஆண்டில் தெஹ்ரான் நகரில் பிறந்தார். தந்தையார் அரசாங்க நிதித்துறையில் உயர் பதவி வகித்தவர்; அன்னையார் அரச குலத்துப் பெண்மணி. இளமையிலேயே தந்தையை இழந்த மொசாடெக், இருபது வயது நிரம்புமுன்பே குராசான் மாகாணத்தின் வரிக் கணக்குகளை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றார். வசூல், பாக்கி, ஜமாபந்தி என்று நாம் வழங்கும் சொற்களெல்லாம் பாரசீக ஆட்சி மொழியின் வழியே நம்மிடம் வந்தவை. அத்தகைய ஏடுகளின் நடுவே வளர்ந்த அவருக்கு, வரவு எங்கே ஒளிக்கப்படுகிறது என்பதைக் கண்டறியும் கண் சிறு வயதிலேயே வாய்த்தது. இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டிக் காலங்கழிக்கும் எம் போன்றோர்க்கு அவர்பால் தனிப்பற்று எழுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1906-இல் ஈரானியர் போராடி அரசியல் சட்டத்தையும் மஜ்லிஸ் என்னும் மக்கள் சபையையும் பெற்றனர். இஸ்பகான் நகரிலிருந்து மொசாடெக் தேர்ந்தெடுக்கப்பட்டும், முப்பது வயது நிரம்பாமையால் சபையில் அமர இயலவில்லை. பின்னர் ஐரோப்பா சென்று பாரிஸிலும், அதன்பின் சுவிட்சர்லாந்திலும் பயின்று, சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்று 1914-இல் தாயகம் திரும்பினார். மாகாண ஆளுநராகவும், நிதி மந்திரியாகவும், வெளிநாட்டு மந்திரியாகவும் பணியாற்றினார்.

இந்த இடத்தில் எண்ணெயின் கதையையும் சிறிது கூறல் வேண்டும். 1901-இல் டார்சி என்னும் செல்வர், ஈரானின் பெரும்பகுதியில் எண்ணெய் தோண்டும் உரிமையை அன்றைய மன்னரிடம் 60 ஆண்டுகளுக்குப் பெற்றார். நிகர லாபத்தில் 100-க்கு 16 பங்கு ஈரானுக்கு என்பது ஏற்பாடு. தோண்டித் தோண்டிக் கைப்பணம் கரைந்த வேளையில் அவருக்குத் துணை நின்றது பர்மா ஆயில் கம்பெனி. நம் பாட்டனார் காலத்து விளக்குகளை எரித்த பர்மா மண்ணெண்ணெயின் லாபமே பாரசீகக் கிணறுகளுக்கும் முதலாயிற்று என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. 1908-இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டே கம்பெனி அமைந்தது. 1914-இல் பிரிட்டிஷ் அரசாங்கமே அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிற்று. அதன் போர்க் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே கம்பெனியோடு வழக்காடுவது வல்லரசோடு வழக்காடுவதாயிற்று.

அபாதான் என்னுமிடத்தில் எழுந்த சுத்திகரிப்பு ஆலை நாளடைவில் உலகிலேயே பெரியதாக வளர்ந்தது. நம் நாட்டிலிருந்தும் கைவினைஞரும் எழுத்தரும் அங்கே சென்று பணிபுரிந்தனர். ஆங்கில அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு கூடிய பங்களாக்களும் கிளப்புகளும் இருந்தன. ஈரானியத் தொழிலாளர் பலர் காகஸாபாத் என்னும் குடிசைச் சேரியில் கோடை வெயிலில் வெந்தனர். காகித நகர் என்பது அப்பெயரின் பொருள். நம் காகிதம் என்னும் சொல்லுக்கும் அதுவே மூலம். ஒரே ஊரில் இரண்டு உலகங்களை எண்ணெய் படைத்துவிட்டது.

1925-இல் படைத் தலைவர் ரெசா கான் மன்னராக முற்பட்டபோது, அரசியல் சட்டம் செயலற்றுப் போகும் என்று மஜ்லிஸில் எழுந்து எதிர்த்த மிகச் சிலருள் மொசாடெக் ஒருவர். அதன் பயனாக அரசியலை விட்டு விலகித் தம் கிராமத்தில் ஒதுங்கி வாழ நேர்ந்தது. 1933-இல் ரெசா ஷா கம்பெனியோடு புது ஒப்பந்தம் செய்தார். பழைய ஒப்பந்தப்படி 1961-இல் முடிய வேண்டிய உரிமை 1993 வரை நீண்டது. கேட்க வேண்டிய சபை ஊமையாக இருந்தமையால் 32 ஆண்டுகள் ஒரு கையெழுத்தில் கைமாறின. 1940-இல் மொசாடெக் சிறையிலும் அடைக்கப்பட்டார்.

1941-இல் ரெசா ஷா நாடு நீங்கினார். அவர் மகன் முடி சூடினார். 1944-இல் மொசாடெக் தெஹ்ரானின் பிரதிநிதியாக மஜ்லிஸ் புகுந்தார். வடபகுதி எண்ணெயை ரஷ்யா கேட்ட சமயத்தில், எந்த மந்திரியும் அந்நியருக்கு எண்ணெய் உரிமை வழங்கப் பேச்சு நடத்தலாகாது என்று சட்டம் கொணர்ந்தார். ஆங்கிலேயருக்குக் கொடுத்ததால் ரஷ்யருக்கும் கொடுப்பது சமநிலை ஆகாது. இருவருக்கும் கொடாமையே உண்மையான சமநிலை என்பது அவர் கொள்கை.

கம்பெனி ஈரானுக்குச் செலுத்திய பங்கைவிட, லண்டன் அரசாங்கத்துக்குச் செலுத்திய வரி மிகுதியாக இருந்தது. கணக்கேடுகளைத் தணிக்கை செய்யும் உரிமை ஈரானுக்கு மறுக்கப்பட்டது. அண்டை நாடாகிய சவூதி அரேபியாவில் 1950-இன் இறுதியில் அமெரிக்கக் கம்பெனி லாபத்தில் சரிபாதி தர இசைந்துவிட்டது. இனியும் பொறுக்க இயலாத ஈரான் மஜ்லிஸ், 1951 மார்ச்சில் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கிற்று. ஏப்ரல் 28-இல் மொசாடெக் பிரதமரானார். கம்பெனியின் சொத்தை விலையின்றிப் பறிக்க அவர் எண்ணவில்லை. ஈட்டுத் தொகைக்காக நிகர வருவாயில் கால் பங்கை ஒதுக்கவும் சட்டத்தில் இடமிருந்தது.

பிரிட்டன் தன் தொழில் வல்லுநர்களை அழைத்துக்கொண்டது. ஈரானின் எண்ணெயை எவரும் வாங்காதபடி கடல் வழியை அடைத்தது. 1952-இல் ரோஸ் மேரி என்னும் கப்பல் ஈரான் எண்ணெயோடு ஏடன் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டது. வருவாய் வற்றிய நிலையிலும் எண்ணெய்த் தொழிலாளரின் சம்பளத்தை அரசு நிறுத்தவில்லை. மக்கள் கடன் பத்திரங்கள் வாங்கி உதவினர். எண்ணெய் அல்லாத ஏற்றுமதிகளைப் பெருக்கி நாட்டை நடத்தினார் பிரதமர். நிலக்கிழார்கள் தம் பங்கில் ஒரு பகுதியைக் குடியானவர்க்கும் கிராம சபைக்கும் விட்டுக் கொடுக்கவும் ஆணையிட்டார். எண்ணெய்ப் பணம் நின்றுபோன காலத்தில்தான் அரசு மக்களை நம்பியும், மக்கள் அரசை நம்பியும் வாழ்ந்தனர் என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

நோயாளியான அவர் பல வேளைகளில் கட்டிலில் படுத்தவாறே தூதுவர்களைச் சந்திப்பார். பேசும்போது உணர்ச்சி மேலிட்டுக் கண்ணீர் விடுவார். அயல்நாட்டுப் பத்திரிகைகள் இதை எள்ளி நகையாடின. ஆனால் வழக்கு மன்றத்தில் அவர் தளர்ந்தாரில்லை. ஐக்கிய நாடுகள் சபையிலும், திஹேக் நகரத்து உலக நீதிமன்றத்திலும் தம் நாட்டின் வழக்கைத் தாமே சென்று எடுத்துரைத்தார். இவ்வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று அந்நீதிமன்றம் 1952 ஜூலை 22-இல் தீர்ப்பளித்தது. ஈரானின் பக்கம் நின்றோருள் பிரிட்டிஷ் நீதிபதியும் ஒருவர் என்பது நீதியின் பெருமைக்குச் சான்று. அதற்குச் சில நாள் முன், ராணுவப் பொறுப்பை மன்னர் தர மறுத்ததால் மொசாடெக் பதவி துறந்திருந்தார். மக்கள் தெருவில் இறங்கி, பலர் உயிர் கொடுத்து, அவரை மீண்டும் பதவியில் அமர்த்தினர்.

குறைகளையும் மறைத்தல் தகாது. சட்டமியற்றும் தனி அதிகாரத்தை அவர் சபையிடமிருந்து பெற்றுக்கொண்டார். தோழர் சிலர் பிரிந்தனர். 1953 ஆகஸ்டில் மஜ்லிஸைக் கலைக்க நடத்திய பொது வாக்கெடுப்பில் ஆம் என்போர்க்கும் இல்லை என்போர்க்கும் தனித்தனிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வாக்கின் இரகசியம் அதனால் கெட்டது. மக்கள் சபைக்காகவே வாழ்ந்தவர் அச்சபையையே கலைக்க நேர்ந்தது, முற்றுகையிடப்பட்ட நாட்டின் துயரம் எனலாம்.

அதே மாதம் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறையினர் தீட்டிய சதி நிறைவேறிற்று. முதல் முயற்சி தோற்று மன்னர் ரோமாபுரிக்கு ஓடினார். ஆகஸ்ட் 19-இல் இரண்டாம் முயற்சி வென்றது. மொசாடெக்கின் இல்லம் பீரங்கியால் தகர்க்கப்பட்டது. ராணுவ நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. அதன்பின் அகமதாபாத்தில் காவலில் வைக்கப்பட்டார். இது நம் குஜராத்து நகரம் அன்று. தெஹ்ரானுக்கு மேற்கே அதே பெயர் கொண்ட சிற்றூர். 1967 மார்ச் 5-இல் அவர் மறைந்தார். 1952-இல் உயிர் நீத்த தொண்டர்களின் அருகே அடக்கமாக வேண்டும் என்ற அவர் விருப்பமும் மறுக்கப்பட்டது. தம் வீட்டு உணவறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் வீழ்ந்தபின் நிகழ்ந்ததையும் நோக்குவோம். 1954-இல் அயல்நாட்டுக் கம்பெனிகளின் கூட்டு எண்ணெயை ஏற்று நடத்தியது. லாபத்தில் பாதி ஈரானுக்குக் கிடைத்தது. பணம் வந்தது, கேட்கும் வாய் அடைபட்டது. 1957-இல் சாவக் என்னும் இரகசியப் போலீஸ் தோன்றியது. 1973-க்குப் பின் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறவே, மன்னர் ஆயுதங்களை வாங்கிக் குவித்தார். 1975-இல் ஒரே கட்சி ஆட்சி வந்தது. குடிகளின் வரியால் வாழும் அரசு குடிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கிணற்றின் வருவாயால் வாழும் அரசோ எவரையும் கேட்க வேண்டியதில்லை. இறுதியில் 1978-இல் எண்ணெய்த் தொழிலாளரே வேலைநிறுத்தம் செய்து அந்த ஊற்றை அடைத்தனர். 1979 ஜனவரியில் மன்னர் நாடு நீங்கினார். அவ்வாண்டு மொசாடெக்கின் நினைவு நாளில் மக்கள் வெள்ளம் அகமதாபாத்தை நோக்கித் திரண்டது. சதியில் தன் பங்கினை அமெரிக்க உளவுத் துறை 2013-இல் வெளியான ஆவணத்தில் ஒப்புக்கொண்டது.

நம் பாரதத்தில் பர்மா ஷெல் கம்பெனி 1976-இல் அரசுடைமையாயிற்று. இங்கே அது எவர் வீட்டின் மீதும் பீரங்கி முழங்காமல் நடந்தேறியது. அந்நல்வாய்ப்பின் அருமையை நம் காலனிச் சிறுவர் சிறுமியர் உணர வேண்டும். பொதுச் சொத்து எதுவாயினும், வரவென்ன, செலவென்ன என்று பணிவோடும் உறுதியோடும் கேட்பது குடிமக்களின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். மொசாடெக் கேட்டது அவ்வளவே. வாழ்க அப்பெரியாரின் புகழ்!