புரோபலும் பாலர் கோலங்களும்

வட்டம், சதுரம், முக்கோணம். மீண்டும் வட்டம், சதுரம் என அடுக்கிவைத்து, அடுத்து வருவது யாதென்று பாலரை வினவும் பாடம் இன்று கணிதத்தின் வாயிற்படியாக விளங்குகின்றது. அப்படியிலே குழந்தைகளை அமர்த்திய பெரியோருள் பிரெட்றிக் புரோபலையே நான் முதலில் வைத்தெண்ணுவேன்.

1782 ஆம் ஆண்டு ஏப்பிரில் 21 ஆம் நாள், ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியிலுள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் ஊரிலே, போதகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். ஒன்பது திங்களில் அன்னையை இழந்தார். சிற்றன்னையின் மனையில் அன்பு அருகியே கிடைத்தது. பதினைந்தாம் வயதில் வனத்தொழில் பயிலச் சென்றார், யேனாவிற் படித்தார், பிராங்போட்டிற் கற்பித்தார், சுவிற்சர்லாந்திலே பெஸ்தலோசியிடம் ஈராண்டு தங்கினார், நெப்போலியனுக்கெதிரான போருக்கும் போனார். இவற்றை விரிப்பிற் பெருகும்.

என் உள்ளத்தை ஈர்ப்பது அவர் பேர்லினிற் கழித்த காலமே. பளிங்குகளின் வடிவை ஆராய்ந்த வைஸ் என்னும் பேராசிரியரின்கீழ், 1814 முதல் 1816 வரை, கனிமக் காட்சிச்சாலையில் அவர் உதவியாளராயிருந்தார். சிறியதோர் உரு, மாறாத ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அடுக்குற்றுப் பேருருவாவதை அங்கே கண்டார். கல்லில் விளங்கிய அவ்வொழுங்கைக் குழந்தையின் கையிற் கொடுக்க அவருக்கு இருபதாண்டுகளுக்குமேற் சென்றன. 1837 இல் பிளாங்கன்பேர்க்கில் அம்முயற்சியைத் தொடங்கி, 1840 இல் அதற்குக் குழந்தைத் தோட்டம் எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்னும் பெயரைச் சூட்டினார்.

அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்கள் 'கொடைகள்' எனப்பட்டன. நூற்பந்துகள் ஆறு முதற்கொடை. கோளமும் உருளையும் சதுரமுகியும் இரண்டாவது. மூன்றாவது, எட்டுச் சிறு சதுரமுகிகளாகப் பிரியும் ஒரு மரக்கட்டை. இதன் நுட்பத்தைச் சற்றே காண்போம். நான்கு கட்டைகளை நடுவில் வைத்து, ஏனைய நான்கையும் பக்கத்துக்கொன்றாகச் சேர்த்தால் ஒரு கோலம் பிறக்கும். வெளிக்கட்டை ஒன்றைச் சற்றே வலப்புறம் நகர்த்தினால், மற்ற மூன்றும் எங்கே நகரவேண்டுமெனப் பிள்ளை தானே சொல்லிவிடும். முன்னைய கோலத்தைக் குலைத்தெறியாது, அதிலிருந்தே அடுத்த கோலத்தைப் பெறவேண்டுமென்பது புரோபலின் விதி.

காகிதப் பின்னலும் அவ்வாறே. ஒன்றன்மேல், ஒன்றன்கீழ் என்று இரண்டு வரிகளை இழைத்த குழந்தை மூன்றாம் வரியை இழைக்குமுன்னரே அறிந்துகொள்கிறது. மீளும் அலகு எது என்பதை விரல்கள் முதலில் உணர்கின்றன. எண் பின்னரே வருகின்றது. பன்பாய் இழைக்கும் நம் மூதாட்டியர்க்கு இக்கணிதம் புதிதன்று. அதனை வகுப்பறைக்குரிய ஒழுங்கான பாடமாக்கியதே புரோபலின் பெருமை. ஒவ்வொரு வடிவிலும் பிரபஞ்ச ஒருமையை அவர் தேடியதை என்னால் ஏற்கமுடியவில்லை. அவர் வழி வந்தோருட் சிலர் கட்டளையிட்டுக் கட்டைகளை அடுக்குவித்தமையோ அதனினும் பெருங்குறை. அடுத்தது யாதென ஆசிரியரே கூறிவிட்டாற் பிள்ளைக்கு என்ன வேலை?

1851 ஓகஸ்ட் 7 ஆம் நாள், நாத்திகமும் சமவுடைமையும் பரப்புவன என்று குற்றஞ்சாட்டிப் பிரசிய அரசு குழந்தைத் தோட்டங்களைத் தடைசெய்தது. அவருடைய உறவினரான கார்ல் புரோபலின் கருத்துக்களை இவருடையனவாக மயங்கியதும் அதற்கொரு காரணம். முதியவர் மறுத்தெழுதினார், அரசு செவிசாய்க்கவில்லை. 1852 யூன் 21 இல், எழுபதாம் வயதில், அவர் மறைந்தார். தடை நீங்கியது 1860 இல். சுவைனாவிலுள்ள அவரது கல்லறையின்மேல் சதுரமுகி, அதன்மேல் உருளை, அதன்மேற் கோளம் என மூன்று கற்கள் நிற்கின்றன.