துரார் ரிஸ்குலோவ்: புரட்சிக்குள் ஒலித்த ஒடுக்கப்பட்டோரின் குரல்

இன்றைய அல்மாட்டி நகரம் ரஷ்யப் பேரரசின்கீழ் வெர்னி என்று அழைக்கப்பட்ட காலம். அந்நகரச் சிறையில் கைதி ஒருவருடன் அவருடைய மகனும் வாழ்ந்துவந்தான். தந்தை ரிஸ்குல் ஏழைக் கசாக் மேய்ப்பர். வட்டார ஆட்சியாளர் ஒருவரைச் சுட்டுக்கொன்றதற்காகக் கடுங்காவல் தண்டனை பெற்றவர். வேறு புகலிடமற்ற சிறுவன் சிறை அதிகாரியின் வீட்டில் எடுபிடி வேலை செய்தான். 1894இல் பிறந்த அச்சிறுவனே பின்னாளில் துருக்கிஸ்தான் சோவியத் குடியரசின் தலைமையை ஏற்ற துரார் ரிஸ்குலோவ்.

தந்தையைப் பிரிந்தபின் உறவினரை அண்டி மெர்கே என்னும் ஊரில் வளர்ந்த அவர், ரஷ்ய மொழி கற்று, பிஷ்பெக் நகரின் வேளாண் பள்ளியில் பயின்றார். 1916இல் மத்திய ஆசிய மக்களைப் போர்க்களத்தின் பின்புலப் பணிகளுக்குக் கட்டாயமாக அனுப்ப ஜார் அரசு ஆணையிட்டது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர், எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் பங்கேற்ற ரிஸ்குலோவ் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு மெர்கேயில் கசாக் இளைஞர்களுக்கான புரட்சிகரச் சங்கத்தை அமைத்து, போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்தார்.

1917 நவம்பரில் தாஷ்கண்டில் சோவியத் ஆட்சி நிறுவப்பட்டது. ஆனால் அதன் முதல் அமைச்சரவையில் உள்ளூர் முஸ்லிம் ஒருவர்கூட இடம்பெறவில்லை. மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினரான அவர்களிடம் பாட்டாளி வர்க்க அமைப்புகள் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். ரயில்வேயிலும் படையிலும் இருந்த ரஷ்யக் குடியேறிகளே வர்க்கத்தின் பெயரால் அதிகாரத்தைக் கைக்கொண்டனர். காலனியத்தில் யார் மேலிருந்தார்களோ அவர்களே புரட்சியிலும் மேலிருந்தார்கள்.

அதன் விளைவைப் பஞ்சம் காட்டியது. பருத்திக்காக உணவுப் பயிர்களைக் கைவிட்டிருந்த அந்நிலப்பரப்பு, உள்நாட்டுப் போரினால் தானிய வரத்து தடைபட்டபோது பட்டினியில் வீழ்ந்தது. நாடோடிக் கசாக், கிர்கிஸ் மக்களே மிகுதியாக மடிந்தனர். பஞ்ச எதிர்ப்பு ஆணையத்தின் தலைவராக ரிஸ்குலோவ் உணவு வழங்கும் நிலையங்களைத் திறந்தார். உள்ளூர் மக்களின் சாவைப் பொருட்படுத்தாத தம் கட்சித் தோழர்களோடு அவர் மோதவேண்டியிருந்தது.

1919இல் கட்சியின் முஸ்லிம் பிரிவுக்குத் தலைவரான அவர், 1920 ஜனவரியில் துருக்கிஸ்தான் மத்திய செயற்குழுவின் தலைவரானார். வயது 25. பிராந்தியத்தின் கட்சியும் குடியரசும் துருக்கிய மக்களுடையவையாக மாறவேண்டும், குடியேறிகளின் மேலாதிக்கம் ஒழியவேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தார். மாஸ்கோ அனுப்பிய துருக்கிஸ்தான் ஆணையம் இதனைத் தேசியவாதத் திரிபு என எதிர்த்தது. ரிஸ்குலோவ் மாஸ்கோ சென்று லெனினைச் சந்தித்தார். அவருடைய திட்டம் ஏற்கப்படவில்லை. எனினும் குடியேறிகளின் நில உரிமையை உள்ளூர் மக்களுக்குச் சமமாக்குமாறு லெனின் வழிகாட்டினார். அடுத்த ஈராண்டுகளில் செமிரெச்சியே பகுதியில் பறிக்கப்பட்ட நிலங்களின் ஒரு பகுதி உரியவர்களிடம் திரும்பியது. கோரிக்கை வைத்தவரோ பதவி விலகினார்.

அவருடைய திட்டத்தையும் நாம் ஐயமின்றி ஏற்க இயலாது. அதே மண்ணில் பாரசீக மொழி மரபைச் சேர்ந்த தாஜிக் மக்களும் வாழ்ந்தனர். துருக்கிய ஒருமை என்ற முழக்கத்தில் அவர்களுக்கான இடம் தெளிவாக இல்லை.

பின்னர் துருக்கிஸ்தான் அமைச்சரவைத் தலைவராகவும், மங்கோலியாவில் கம்யூனிஸ்ட் அகிலத்தின் பிரதிநிதியாகவும் பணியாற்றிய அவர், 1926இல் ரஷ்யக் கூட்டாட்சிக் குடியரசின் அமைச்சரவைத் துணைத் தலைவரானார். துருக்கிஸ்தானையும் சைபீரியாவையும் இணைத்த துர்க்சிப் ரயில் பாதைக்கான உதவிக் குழுவுக்கும் அவரே தலைவர். சுமார் 1,400 கி.மீ. நீளமான அப்பாதை 1930இல் இணைந்தது. அப்பணியில் கசாக் மக்களுக்கு வேலையும் தொழிற்பயிற்சியும் கிடைக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அதற்கான எதிர்ப்பு அதிகாரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. 1928 டிசம்பர் இறுதியில் செர்கியோபோலில் ரஷ்யத் தொழிலாளர் கும்பல் கசாக் தொழிலாளரைத் தாக்கியது. ஒரே வர்க்கம், ஒரே வேலைத்தளம். ஆயினும் இன மேலாதிக்கம் தானாக உதிர்ந்துவிடவில்லை.

அவர் வாழ்வின் பெருஞ்சோதனை 1930களின் கசாக் பெரும்பஞ்சம். கட்டாயக் கூட்டுப்பண்ணை, கால்நடைப் பறிமுதல், நாடோடிகளை வலிந்து குடியமர்த்தல் ஆகியவற்றால் சுமார் 4 கோடியாக இருந்த கால்நடைகள் 50 லட்சத்துக்கும் கீழே சரிந்தன. ஏறத்தாழ 15 லட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பான்மையினர் கசாக் மக்கள். நாடோடி வாழ்வு மாறவேண்டும் என்பதில் ரிஸ்குலோவும் கருத்தொருமித்தவரே. ஆயினும் சாவு குவிந்தபோது அவர் வாய்மூடி இருக்கவில்லை. 1932 செப்டம்பரிலும் 1933 மார்ச்சிலும் பட்டினி, அகதிகளின் அவலம், கால்நடை அழிவு ஆகியவற்றை விவரித்து ஸ்டாலினுக்கு நேரடியாக எழுதினார். மக்கள் மடிவதை அரசாங்க ஆவணத்தில் பதிவுசெய்வதே உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்த காலம் அது.

1937 மே மாதம் கிஸ்லோவோத்ஸ்க் நகரில் கைது செய்யப்பட்ட அவர், 1938 பிப்ரவரி 10 அன்று மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். துருக்கிய இன ஒற்றுமைவாதி என்பது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1920இல் அவர் எழுப்பிய கேள்விக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் துப்பாக்கியால் விடையளித்தது அரசு. அவருடைய மனைவி அசீசாவும் முகாம் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1956இல் ரிஸ்குலோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்.

ரிஸ்குலோவ் புரட்சியை நிராகரித்தவர் அல்லர். இறுதிவரை அதன் பொறுப்புகளைச் சுமந்தவர். அவர் கேட்டதெல்லாம், விடுதலை யாருடைய பெயரால் நடக்கிறதோ அவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கவேண்டும் என்பதே. கசாக் மேய்ச்சல் நிலத்தின் முடிவுகளை, பட்டினி கிடக்கப்போகிறவர்களைக் கலந்துகொள்ளாமல் பிறர் எடுத்தபோது விளைந்தது என்ன என்பதற்கு அந்த 15 லட்சம் பேரின் சாவே சான்று.