தங்கையின் நினைவில் எழுந்த மருத்துவமனை

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களில், ஒருவரை அடையாற்றுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள் என்று கேள்வியுற்றால், எதற்காக என்று எவரும் மேலும் வினவுவதில்லை. நோயின் பெயரைச் சொல்லக் கூசும் நாம், அந்நோய்க்கு மருத்துவம் செய்யும் இடத்தின் பெயரையே அதற்கு ஈடாக வைத்துக் கொண்டோம். தாயையோ உடன்பிறந்தாரையோ அவ்விடம் அழைத்துச் சென்று, நடைவழியில் கண்விழித்துக் காத்திருந்தவர்கள் நம்மிடையே உண்டு. சிலர் நலம்பெற்று இல்லம் மீண்டனர், சிலர் மீளவில்லை. அவ்விடத்தை உண்டாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் நம்மைப் போலவே தம் இல்லத்தில் ஒருவரை இந்நோய்க்குப் பறிகொடுத்தவரே. அவர் வரலாற்றை இவ்விதழில் நினைவுகூர விழைகின்றோம்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். சித்தன்னவாசலின் கற்படுக்கைகளையும் தாமரைத் தடாக ஓவியத்தையும் காணச் செல்லும் நம்மவர்க்குப் புதுக்கோட்டை புதிய ஊரன்று. தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரித் தலைவராக விளங்கிய கல்விமான். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர் எனப்பட்ட குலத்தில் தோன்றியவர். அக்குலத்துப் பெண்மக்களுக்கு ஊரார் வகுத்து வைத்திருந்த வாழ்வு எத்தகையது என்பதை அம்மையார் குழவிப் பருவத்திலேயே அறிந்திருந்தார். பின்னாளில் அவர் செய்த பணிகள் பலவற்றுக்கும் வேர் இங்கேயே உள்ளது எனக் கருதுகின்றோம்.

பெண்கள் பூப்படைந்ததும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. அம்மையாரோ ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததனால் அவர் படிப்புத் தொடர்ந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் இவரே என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அது பிழை. அவர் பிறந்த 1886ஆம் ஆண்டிலேயே ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டனர். சென்னைக் கல்லூரியும் 1875 முதற்கொண்டே பெண்களைச் சேர்த்து வந்தது. அம்மையாரின் பெருமைக்கு இல்லாததொன்றைச் சேர்க்க வேண்டிய தேவை ஏதுமில்லை.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று மணத்துக்கு முன்பே அம்மையார் கூறினார். அவரும் அதற்கு இசைந்தார். இவ்விணையர்க்கு ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். குழந்தை வளர்ப்பும் மருத்துவப் பணியும் பொதுத்தொண்டும் ஒருங்கே நடந்தன. அன்றைய பெண்ணொருத்திக்கு அஃது எத்துணைப் பெருஞ்சுமை என்பதை நம் இல்லத்து அன்னையரே நன்கு உணர்வர்.

இந்நிலையில்தான் அந்த இடி விழுந்தது. அம்மையாரின் தங்கையைப் புற்றுநோய் பற்றியது. தமக்கை மருத்துவர், அத்தானும் மருத்துவர். இருந்தும் செய்வதற்கு அதிகமில்லை. அக்காலத்தில் இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வழிகள் அரிது. சென்னையில் இதற்கென்று தனி மருத்துவமனையும் இல்லை. 1923இல் தங்கை மறைந்தார். பிறர் வீட்டுப் பிணியைத் தீர்த்தவர் தம் வீட்டுப் பிணியின் முன் கையற்று நின்றார். அந்தக் கையறு நிலையை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

ஈராண்டு கழித்து, 1925இல், மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். செல்சியில் உள்ள மகளிர் மருத்துவமனையில் பயின்ற அந்நாள்களில், புற்றுநோய்க்கென்றே அந்நகரில் இயங்கிய மருத்துவமனையையும் சென்று கண்டார். அதனை 1851இல் தோற்றுவித்த வில்லியம் மார்ஸ்டன் என்னும் மருத்துவரும் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்தவரே. கடல் கடந்த நாட்டில் ஒருவர் தம் துயரத்தை ஊருக்குப் பயன்படும் கட்டடமாக ஆக்கியிருந்ததைக் கண்டபோது, தங்கையை இழந்த தமக்கையின் உள்ளம் என்ன எண்ணியிருக்கும் என்பதை ஊகிப்பது நமக்கு அரிதன்று. இத்தகைய மருத்துவமனை சென்னையிலும் எழவேண்டும் என்னும் உறுதியோடு அவர் தாயகம் திரும்பினார்.

திரும்பியதும் வேறு கடமைகள் காத்திருந்தன. சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, 1927இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே நடத்திய போராட்டம் நாடறிந்தது. காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். அவர் வேண்டிய சட்டம் 1947இல்தான் முழுமையாக நிறைவேறியது. இவற்றை விரிக்கின் பெருகும்.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட மனம் வரவில்லை. அக்குலத்து வாழ்வினின்றும் தப்பிய சிறுமியர் சிலர் ஒருநாள் அம்மையாரின் வாயிலில் வந்து நின்றனர். அவர்களை விடுதிகளில் சேர்க்க முயன்றார். அவர்களின் பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் ஏற்க மறுத்தன. மறுப்பைக் கேட்டபின் அவர் எவரிடமும் மன்றாடவில்லை. தம் இல்லத்திலேயே அவர்களை வைத்துக்கொண்டார். 1930ஐ ஒட்டித் தோன்றிய ஔவை இல்லத்தின் தொடக்கம் இதுவே. தம் பிள்ளைகள் வளர்ந்த மனையிலேயே பிறர் பெற்ற பிள்ளைகளுக்கும் உணவும் அடைக்கலமும் கல்வியும் கிடைத்தன. தாய்மை என்னும் சொல்லை அவர் தம் இரு மைந்தர்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

புற்றுநோய் மருத்துவமனை பற்றிய எண்ணத்தை 1935இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் வெளியிட்டார். தங்கை மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்சியில் இருந்தோர்க்கு அதில் நாட்டம் இல்லை. புற்றுநோய் வந்தவர் எவ்வாறாயினும் இறப்பவர்தாமே, அவர்க்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்பதே அன்றைய பொதுக்கருத்து. இக்கருத்தை நாம் எளிதில் இகழ்ந்துவிடல் ஆகாது. நம் வீடுகளிலும் இதே எண்ணம் வேறு உருவில் உலவுகின்றது. மார்பில் கட்டி தோன்றியதை ஓராண்டுக்கு மேல் மறைத்து வைத்து, பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், மகளின் மணம் முடியட்டும் என்று நாள் கடத்திய அன்னையரை நாம் அறிவோம். அவர்கள் அறியாமையால் மட்டும் மறைத்தனர் என்று சொல்வதற்கில்லை. தம் பிணியால் குடும்பம் கலங்கலாகாது என்ற அன்பினாலும் மறைத்தனர். முற்றிய பின்னரே மருத்துவரிடம் வந்த அத்தகையோரைக் கண்டு கண்டுதான், இந்நோய்க்குத் தீர்வே இல்லை என்ற நம்பிக்கை ஊரில் வேரூன்றியது.

அரசு முன்வராதபோது அம்மையார் மாதரை நாடினார். இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. செல்வர் சிலரின் பெருங்கொடை மட்டுமன்றி, பலருடைய சிறு கொடைகளும் சேர்ந்தே அந்நிதி வளர்ந்தது. அம்மையாருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஓய்வு கொள்ளும் பருவத்தில் நன்கொடை வேண்டி அலைந்தார். 1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அதில் இருந்தவை 12 படுக்கைகள். தங்கை மறைந்து 31 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன.

கட்டடம் மட்டும் போதுமா? தம் இளைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியையும் அம்மையார் இப்பணிக்கே அளித்தார். வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவம் பயின்று திரும்பிய அவர் பொருளீட்டும் வாய்ப்புகளை நாடாமல் அன்னையின் மருத்துவமனையிலேயே வாழ்நாளைக் கழித்தார். 1955இல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். தேர்வாணையத்தின் வழியாகக் கிடைத்த எழும்பூர் அரசு மருத்துவமனைப் பணியை வேண்டாமென விடுத்து, வசதிகள் ஏதுமற்ற இச்சிறு மனைக்கு வந்தவர் அவர். தொடக்கத்தில் ஊதியமும் இல்லை. பெற்றோரும் சுற்றத்தாரும் இதனை எங்ஙனம் பொறுத்தனரோ என்று நமக்கு வியப்பு மேலிடுகின்றது. ஐம்பதுகளிலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி இங்கு வந்தது. பெரிய நகரங்கள் பலவற்றில் அன்று இல்லாத வசதி அது.

அம்மையாருக்கு 1956இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1968 ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைவதற்கு எட்டு நாள்களே இருந்த நிலையில், அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த நாளாகிய ஜூலை 30ஐ மருத்துவமனை நாளாகக் கொண்டாடத் தமிழக அரசு 2019இல் அறிவித்தது. ஏழைக் கருவுற்ற மகளிர்க்கான உதவித் திட்டமும் அவர் பெயரால் அமைந்துள்ளதை நம் கிராமத்து மக்களும் அறிவர்.

பன்னிரண்டு படுக்கைகள் பின்னர் நானூற்றுக்கு மேல் பெருகின. வறியோர்க்குக் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திலும் மருத்துவம் செய்யும் முறை தொடர்ந்தது. சென்னையில் எவ்வகைப் புற்று எவரைத் தாக்குகின்றது என்னும் பதிவேடும் எண்பதுகளின் தொடக்கம் முதல் அங்கே பேணப்பட்டு வருகின்றது. கருப்பை வாய்ப் புற்று படிப்படியாகக் குறைந்ததையும் மார்பகப் புற்று மிகுந்து வருவதையும் அப்பதிவேடே காட்டியது. தொடக்கத்திலேயே வந்தால் இவ்விரண்டையும் பெரும்பாலும் வெல்லலாம் என மருத்துவர் கூறுகின்றனர். 1923இல் ஒரு தமக்கைக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

டாக்டர் சாந்தா 2021 ஜனவரி 19ஆம் நாள் மறையும் வரை அம்மருத்துவமனையை விட்டுப் பிரியவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் அவர் அங்கே தொண்டாற்றினார். மருத்துவமனையின் பெயரிலோ முத்துலட்சுமி அம்மையாரின் பெயரும் இல்லை. எவர் நினைவால் அஃது எழுந்ததோ அந்தத் தங்கையின் பெயரும் இல்லை. வீடுதோறும் நிதி திரட்டித் தந்த மாதர் சங்கத்தின் பெயரே அதனோடு இணைந்து நிற்கின்றது.