செருப்புத் தைத்த பாதிரியார்

1761-ல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பிறந்த வில்லியம் கேரி செருப்புத் தைத்துப் பிழைத்தவர். தைத்துக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் கற்று, பாப்டிஸ்ட் சபையில் போதகரானார்.

அச்சபைக்குள் அப்போது பெரிய தர்க்கம். இரட்சிப்பு யாருக்கு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது கால்வினின் கொள்கை. அப்படியானால் ஊரையெல்லாம் அழைப்பானேன் என்றனர் ஒரு சாரார். எல்லோரையும் அழைப்பதே கடமை என்று 1785-ல் புத்தகமே போட்டார் ஆண்ட்ரூ புல்லர். கேரி அவர் பக்கம். இத்தனைக்கும் இருவருமே கால்வினை விட்டவர்களல்லர்!

1792-ல் கெட்டரிங்கில் மிஷன் சங்கம் பிறந்தது. கையெழுத்தான நன்கொடை 13 பவுன் சொச்சம். மறு வருஷம் கேரி குடும்பத்தோடு கல்கத்தா வந்திறங்கினார். வயிற்றுப்பாட்டுக்கு அவுரித் தொழிற்சாலையில் மேனேஜர் வேலை. 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். மனைவி டாரதிக்குச் சித்தம் கலங்கியது. ஏழு வருஷம் ஒரு வங்காளிகூட ஞானஸ்நானம் பெறவில்லை. நம் ஆபீஸ் பேரேடாயிருந்தால் கணக்கை என்றோ மூடியிருப்பார்கள்.

1800 டிசம்பர் 28-ல் ஸ்ரீராம்பூரில், ஹூக்ளி நதியில், கிருஷ்ண பால் என்ற தச்சர் முழுகி எழுந்தார். மறு வருஷம் வங்காளியில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. இங்கிலாந்தில் தர்க்கம் மட்டும் ஓயவில்லை. டாரதி சித்தம் தெளியாமலே 1807-ல் மறைந்தார். 1834-ல் காலமான கேரியின் கல்லறை ஸ்ரீராம்பூரில்தான். ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் போய் வரலாம்.