எமிலி டேவிஸ் அம்மையார்

பரீட்சை என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே நம்மிற் பலர்க்கு முகம் வாடுதல் இயல்பு. அப்பரீட்சை பெண்மக்களுக்கும் வேண்டுமென்று ஆயுள் முழுதும் வாதாடிய அம்மையார் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தனர் என்றறியுங்கால் நாம் வியப்போடு சிறிது நாணமும் அடைகின்றோம். அவரே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த கெர்ட்டன் கல்லூரியை நிறுவிய எமிலி டேவிஸ் அம்மையார்.

இவர் 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆந் தேதி சௌதாம்ப்டன் நகரிற் பிறந்தனர். தந்தையார் கேட்ஸ்ஹெட் என்னும் ஊரிற் குருவாயிருந்தவர். தமையனார் கேம்பிரிட்ஜ் சென்று கற்றார். எமிலியோ வீட்டிற் கற்றதோடு நின்றார். தந்தையார் இறந்தபின் 1862-இல் தாயாருடன் லண்டன் சேர்ந்தார். இவர்தம் தோழியார் எலிசபெத் காரெட் மருத்துவங் கற்க விரும்பிச் சென்ற வாயில்தோறும் தடுக்கப்பட்டமை இவர் உள்ளத்தைச் சுட்டது. 1863-இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சையைச் சிறுமியர்க்கும் சோதனையாக நடத்துவித்தார். 1865-இல் அது முறைப்படி திறக்கப்பட்டது.

1869-ஆம் ஆண்டு அக்டோபரில், ஹிட்சின் என்னும் ஊரில், வாடகை வீடொன்றில் ஐந்தே மாணவியருடன் கல்லூரி தொடங்கிற்று. சர்வகலாசாலைக்கு வெகு அண்மையில் இருந்தால் வீண்பழி எழும் என்றஞ்சியே அவ்வளவு தொலைவில் வைத்தனர். ஆசிரியர் ரயிலேறி வந்து கற்பித்துச் சென்றனர். 1873-இல் கேம்பிரிட்ஜுக்கு இரண்டு மைல் அளவிலுள்ள கெர்ட்டனுக்குக் கல்லூரி மாறிற்று.

நிற்க. இவர்க்கு வந்த பெருந்தடை பகைவரால் மட்டும் வந்ததன்று, நண்பராலும் வந்தது. ஹென்றி ஸிட்ஜ்விக் முதலிய நல்லோர், கிரேக்கமும் லத்தீனும் முன்னறியாத பெண்களுக்குத் தனிப் பரீட்சையும் தளர்ந்த விதியும் போதுமென்றனர். நியூனம் கல்லூரி அவ்வழியே வளர்ந்தது. அம்மையார் ஒருப்பட்டாரல்லர். ஆடவர் எழுதும் அதே வினாத்தாளை அதே காலவரையறைக்குள் எழுதல் வேண்டும். எளிதாக்கிய பரீட்சையை உலகம் தாழ்ந்ததென்றே கொள்ளும் என்பது இவர் துணிபு. மாணவியர் பட்ட பாடு பெரிது. இவரது பிடிவாதம் சிலவேளை மிகையே. மாணவியர் நாடகத்தில் ஆண்வேடம் புனைந்ததற்கும் சினந்தாரென்பர்! ஆயினும் பரீட்சைக் காரியத்தில் இவர் கண்டது சரியென்றே நமக்குத் தோன்றுகிறது.

1873-இல் மாணவியர் மூவர் உயர்தரப் பரீட்சையைத் தனிப்பட எழுதித் தேறினர். 1880-இல் ஷார்லட் ஸ்காட் என்பார் கணிதத்தில் எட்டாம் இடத்துக்குரிய தகுதி பெற்றார். பட்டியலில் எட்டாம் பெயர் படிக்கப்படுங்கால், கூடியிருந்த ஆண்மாணாக்கரே ஸ்காட்டின் பெயரை ஆரவாரித்துக் கூவினர். மறு ஆண்டிலே பெண்கள் அப்பரீட்சை எழுதும் உரிமை பெற்றனர். பட்டமோ கிட்டவில்லை. 1897-இல் அது வாக்குக்கு வந்தபோது எதிர்த்தோர் 1,700-க்கு மேற்பட்டோர். ஆதரித்தோர் 660 சொச்சமே. மிதிவண்டியேறிய பெண்ணுருவப் பொம்மையைத் தெருவில் தொங்கவிட்டு எள்ளினர்.

அம்மையார் 1921-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13-ஆந் தேதி தமது 91-ஆம் வயதிற் காலமானார். மூன்று திங்கள் கழித்துக் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பெயரளவான பட்டம் அளித்தது. முழுவுரிமையுள்ள பட்டம் 1948-இல் வந்தது. 1979-இல் கெர்ட்டன் கல்லூரி ஆண்மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டது.