ஆசிரியர் புத்தமித்திரனார்

சோழப் பேரரசு மேலைச் சாளுக்கியரோடு ஓயாது பொருது கொண்டிருந்த காலத்தில், 1063 முதல் 1070 வரை அரசாண்டவன் வீரராசேந்திரன். அவன் காலத்தே பொன்பற்றி என்னும் ஊர்க்குத் தலைவராய் விளங்கிய பௌத்தப் பெரியார் புத்தமித்திரனார். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அறக்கொடையாக அளித்து, அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. ஊராட்சி புரிந்தவரேனும் அவர் பெயரை நிலைநிறுத்தியது, வீரசோழன் எனவும் பெயர் பூண்ட அவ்வேந்தன் பெயரால் அவர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கணமே.

அகத்தியர்க்குத் தமிழை அறிவுறுத்தியவர் அவலோகிதர் என்று அந்நூல் கூறும். சைவமும் வைணவமும் ஓங்கிநின்ற நாட்டில், தமிழ் எமக்கும் உரியது என இலக்கண நூலின் தொடக்கத்திலேயே அவர் நிறுவிக் கொண்டார். அதற்குத் துணிவு வேண்டும்.

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அலங்காரம் என்னும் ஐந்தையும் ஒருங்கே கூறும் நூல்களுள் இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூல் இதுவே. தொல்காப்பியர் உவமைக்குத் தனி இயல் வகுத்தார். புத்தமித்திரனாரோ வடமொழித் தண்டியாரின் வழிநின்று அணிகள் பலவற்றைத் தமிழுக்கு உரியவாக்கினார். செய்யுளுக்குச் சொல் உடல், பொருள் உயிர் என்பது அவர் கொள்கை.

அணிகளின் பெயர் கேட்டு அஞ்சுவோர் நம்முள் உளர். தேவிகுளத்துத் தேயிலைச் சரிவில் மூடுபனி படிவதை உள்ளவாறே சொல்வது தன்மை. பால்போற் படிந்தது எனில் உவமை. பனிப்போர்வை எனில் உருவகம். கொழுந்து பறிப்போர் படும் துயர் காணப் பொறாமல் பனி மலையை மறைத்தது எனில் தற்குறிப்பேற்றம். இயல்பாய் நிகழ்வதன்மேல் புலவன் தன் கருத்தை ஏற்றுகின்றான். ஓரிடத்து நின்ற சொல் பல இடத்தும் சென்று பொருள் தருமாயின் அது தீவகம். பாலக்காட்டுக் கணவாயில் எழுந்தது காற்றும், புழுதியும், பனையோலையின் ஓசையும் என்புழி, எழுந்தது என்னும் ஒரு சொல்லே மூன்றற்கும் விளக்காகின்றது.

மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் அவ்வெல்லைப் பகுதிகளில் வாழும் அன்பர்கட்கு மற்றொரு செய்தியும் உவப்பளிக்கும். மணிப்பிரவாளக் கவிதைக்கு இலக்கணம் கூறும் லீலாதிலகம் கேரளத்தில் எழுந்தது 14ஆம் நூற்றாண்டில். அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முன்னரே அச்சொல்லை எடுத்தாண்டு, வடமொழி கலந்த அந்நடையின் இயல்பைக் கூறியவர் நம் ஆசிரியர்.

வடமொழி இலக்கணத்தைத் தமிழின்மேல் அளவிறந்து ஏற்றிவிட்டார் என்று அவரைக் குறை கூறுவோர் பலர். வேற்றுமையிலும் தொகையிலும் அக்குறை உண்மையே. தமிழுக்குப் பொருந்தாத சட்டையைச் சிலவிடத்து அவர் இழுத்துப் பூட்டியுள்ளார். பிற்காலத்தார் நன்னூலையே விரும்பிக் கற்றனர். ஆயினும் அணியிலக்கணத்தில் அவர் திறந்த வழியிலேயே தண்டியலங்காரம் பின்னர் நடந்தது.

அவர் மாணவர் எனப்படும் பெருந்தேவனார் இதற்கு உரை வகுத்தார். அதில் எடுத்துக்காட்டாக வந்த புத்தர் துதிப்பாக்கள் பல, வேறெங்கும் கிடையாதவை. 1881இல் சி. வை. தாமோதரம் பிள்ளை ஏட்டிலிருந்து இந்நூலை உரையுடன் பதிப்பித்தார், மயிலை சீனி. வேங்கடசாமி அப்பாக்களைத் திரட்டித் தம் பௌத்தமும் தமிழும் என்னும் நூலில் சேர்த்தார்.