பத்தாம் எண் சட்டைக்காரர்: மர்ஹூம் மொக்தார் டஹாரி

இம்மலருக்கான வாழ்க்கை வரலாறுகளைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கள் குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. மார்க்க அறிஞர்கள், வணிகப் பெருமக்கள், பள்ளிவாசலுக்கு உழைத்த முன்னோர் நடுவே ஒரு காற்பந்து வீரருக்கு இடம் உண்டா? அதிலும் தமிழ் பேசாத ஒருவருக்கு? எங்களுள் மூத்தவர்களே உண்டு என்றார்கள். சங்கம் தொடங்கிய 1970களில், ஆட்டம் நடக்கும் இரவுகளில் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் நம்மவர் கடைகளில் கல்லின் மேல் ரொட்டி கருகுவதையும் பாராமல் கடைக்காரரே தொலைக்காட்சி முன் நின்றதை அவர்கள் மறக்கவில்லை. தோட்டங்களில் லயத்துப் பையன்கள் அப்பாவின் பழைய பனியனில் கரித்துண்டால் 10 என்று எழுதிக்கொண்டு திடலுக்கு ஓடியதும் அந்த ஒரு மனிதரால்தான்.

மொக்தார் 1953 நவம்பர் 13ஆம் நாள் செத்தாப்பாக்கில் பிறந்தார். தந்தை டஹாரி லோரி ஓட்டுநர், தாயார் அமினா. பிள்ளைக்குப் பதினோரு வயதானபோது குடும்பம் கம்போங் பாண்டானுக்குக் குடிபெயர்ந்தது. கோலாலம்பூர் விக்டோரியா பள்ளியில் படிக்கும்போதே அவருடைய ஆட்டம் பலர் கண்ணில் பட்டது. விரைவிலேயே சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டை கிடைத்தது. 1972இல், பதினெட்டு வயதில், ஜகார்த்தாவில் இலங்கைக்கு எதிராக நாட்டுக்காக முதன்முதலில் களமிறங்கினார்.

அவர் உயரமானவர் அல்லர். தடித்த தொடை, அகன்ற தோள். பந்து காலில் பட்டதும் பக்கவாட்டில் விலகி ஓடாமல் நேரே தடுப்பாட்டக்காரர்களை நோக்கியே பாய்வார். தூரத்திலிருந்து அவர் உதைத்தால் வலைக்காவலருக்கு யோசிக்க நேரம் இருக்காது. சூப்பர்மொக் என்று மக்கள் பெயர் சூட்டியது சும்மா இல்லை.

1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் குழு மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்தது. சிலாங்கூர் தேர்வணி 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் அவருடையவை. 1978இல் பாபி ராப்சன் பொறுப்பில் வந்த இங்கிலாந்து பி அணியை மலேசியா 1-1 எனச் சமன் செய்தபோது நம் கோலை அடித்தவரும் அவரே. நாடு விடுதலை பெற்று இருபத்தோர் ஆண்டுகளே ஆகியிருந்தன. துரைமார்கள் ஆண்ட தோட்டங்களில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அந்தக் கோல் வெறும் விளையாட்டாகப் படவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அந்த அணியே ஒரு சிறு மலேசியா. வலைக்குள் நம் தமிழர் ஆறுமுகம், அவருக்கு முன்னே சந்தோக் சிங்கும் நம் அலோர் காஜா மண்ணின் மைந்தர் சோ சின் ஆனும், முன்வரிசையில் மொக்தார். ஆகவே யாருக்கும் அது அடுத்தவர் அணியாகத் தோன்றவில்லை. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம், 1977லும் 1979லும் தென்கிழக்காசியத் தங்கம், சிலாங்கூருக்குப் பல முறை மலேசியக் கிண்ணம். நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள் என்பது இன்று ஏற்கப்படும் கணக்கு. மன்ற அணிகளுடன் ஆடியவற்றையும் சேர்ப்போர் இன்னும் பெரிய எண் சொல்வார்கள். எங்களுக்கு அந்த வழக்கு வேண்டாம். சிறிய எண்ணே போதுமான அளவு பெரியது.

இவ்வளவுக்கும் காற்பந்தே அவருக்குச் சோறு போட்டதாக எண்ணிவிடக் கூடாது. இந்நாட்டில் பாதித் தொழில்முறை லீக் வந்ததே 1989இல்தான். அவர் காலத்து வீரர்களுக்குப் பகலில் அலுவலக வேலை, மாலையில் பயிற்சி. இன்றைய இளம் ஆட்டக்காரர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டால் அக்காலத்தவர் மயங்கி விழுவர். கடைசி ஆண்டுகளில் அவர் குவோங் யிக் வங்கி அணிக்கும் ஆடினார்.

ஆட்டம் ஓய்ந்த சிறிது காலத்திலேயே சோதனை வந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்துபோகும் நோய் அது. கை கால் தளரும், குரல் குழறும், விழுங்குவது கடினமாகும்; அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். தன் உடலில் நடப்பது அனைத்தையும் நோயாளி அறிந்துகொண்டே இருப்பார். இங்கிலாந்தின் முன்னாள் பயிற்றுநர் டான் ரெவி 1989இல் இறந்ததும் இதே நோயால்தான். மொக்தார் சிகிச்சைக்காக லண்டன்வரை சென்று வந்தார். மருந்து இல்லை என்பது அவருக்கும் துணைவியார் தெங்கு ஸரினாவுக்கும் தெரியும், நாட்டுக்குத் தெரியாது. ஏதோ தசைத் தளர்ச்சி என்றுதான் மக்கள் நினைத்தார்கள். உண்மைப் பெயர் 2010இல் ஓர் ஆவணப்படத்தின் வழியாகவே பரவலாகத் தெரிய வந்தது.

அவர் ஏன் மறைத்தார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். இரக்கத்தை விரும்பாத தன்மானம் என்றார் சிலர். அதைச் சபூர் என்றே நாங்கள் கொள்கிறோம். நாட்டிலேயே வலிமையானவை என்று பெயரெடுத்த கால்கள் சொன்னபடி கேளாமல் போவதைப் பார்த்துக்கொண்டு, ஊரைக் கூட்டாமல் ஏறத்தாழ மூன்றாண்டு கழிப்பது எளிதன்று. அதற்கிடையே, 1988 டிசம்பரில், ஆறுமுகமும் சாலை விபத்தில் போய்விட்டார்.

1991 ஜூலை 11ஆம் நாள் மொக்தார் வஃபாத்தானார். வயது 37. தாமான் கெராமாட் பெர்மாய் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். இன்று பகாங் மாநிலம் கம்பாங்கில் சிறுவர்களுக்கான தேசியக் காற்பந்துப் பயிலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்ததும் எங்கள் பெரியவர்கள் காயிப் ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். தொழுது வெளியே வந்தபோது, தோட்டத்திலிருந்து மிதிவண்டியில் வந்த நாலைந்து இந்து இளைஞர்கள் மதில் ஓரம் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாயம் போன சட்டை அணிந்திருந்தார், முதுகில் 10.